எவருக்கும் தெரியாது என்ற சான்று

பீட்டரின் மகன் சாம்சன், அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன். நான்கு வருடமாகத் திருவள்ளூரில் ஓர் அரசு அலுவலகத்தில் அவனுக்கு நாற்காலி உண்டு. சம்பளம் மட்டும் அரசு கொடுப்பதில்லை. அலுவலகம் அமர்த்திய ஆலோசனை நிறுவனம் கொடுக்கும். கிணறுகளின் நீர்மட்டத்தைக் கணினியில் ஏற்றி வரைபடமாக்குவது அவன் வேலை. அதை நம்பித்தான் கும்மிடிப்பூண்டி இரும்பு ரோலிங் மில்லில் முதுகு போன பீட்டர், இனி முடியாதென்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் படுத்தார்.

போன வாரம் புது விதி வந்தது. செலவைக் கட்டுப்படுத்த வேண்டுமாம். வெளி ஆலோசகரை நீட்டிக்க, ‘இந்த வேலை எங்கள் ஊழியர் எவருக்கும் தெரியாது’ என்று அதிகாரி சான்று தர வேண்டும். சாம்சனின் ஒப்பந்தமோ மாதக் கடைசியோடு முடிகிறது.

ஆனால் அலுவலகத்தின் சொந்த ஊழியரான உதவியாளர் வெங்கடேசனுக்கு அந்த வேலை தெரியும். தன் அப்பாவின் ஆபரேஷனுக்கு ஒரு மாதம் லீவு கிடைக்க வேண்டுமே என்று, பக்கத்தில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தவனே சாம்சன்தான்.

டீக்கடையில் அவரைப் பிடித்தான்.

“தெரியாதுன்னு சொல்லிடுணா. கால்ல வேணாலும் வுயறேன்.”

“அட, இன்னாடா பேஜாரு! உன் சோத்தப் புடுங்கினு போறதுக்கா நான் கீறேன்? சொல்லிடறேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஊட்டுக்காரியே சர்டிபிகேட் குடுத்துட்டா, போ.”

பதினோரு மணிக்கு அதிகாரி துர்காதேவி இருவரையும் கூப்பிட்டார்.

“எனக்குத் தெரியாதுங்க மேடம்” என்றார் வெங்கடேசன்.

“உட்காருங்க. இந்த ஒரு கிணத்த மட்டும் ஏத்திக் காட்டுங்க. நான் கையெழுத்துப் போடணும்ல?”

வெங்கடேசன் வேண்டுமென்றே தப்பான பட்டியலைத் திறந்தார், மூடினார், தலையைச் சொறிந்தார். சாம்சனுக்கு மூச்சு வந்தது. பிறகு கிணற்றின் எண்ணை அடிக்கப் போனவரின் வாய் தானாக முணுமுணுத்தது.

“பெரியபாளையம் பதினேழு... பெரியபாளையம் பதினேழு.”

தப்பு வராமலிருக்க ரெண்டு தடவை சொல்லிவிட்டு அடிக்க வேண்டும் என்பது சாம்சன் பழக்கிவிட்டது. நாள் முழுக்க அவனும் அப்படித்தான் முணுமுணுப்பான். அந்த அறைக்கே அது தெரியும்.

துர்காதேவி பேனாவை மூடினார். “பொய்ச் சான்று என்னால குடுக்க முடியாது தம்பி.”

“மேடம், எங்கப்பா...” என்று ஆரம்பித்தான் சாம்சன்.

அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மாசக் கடைசிக்குள்ள மிச்சத்தையும் அவருக்குச் சொல்லிக் குடுத்துடுங்க.”

சாம்சன் தன் நாற்காலியை வெங்கடேசன் பக்கம் இழுத்துப் போட்டான். திரையில் எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

“சொல்லுணா” என்றான். “ரெண்டு தடவ.”

வெங்கடேசன் விசைப்பலகையை அவன் பக்கமே தள்ளி வைத்தார்.