கடிதம் பையிலேயே இருந்த மன்னார்ப் பயணம்

போன மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக மன்னாருக்குப் போனேன். வழக்கமாக இங்கே கடற்கரை, கோயில், சாப்பாடு என்றுதான் எழுதுவேன். இந்த முறை நான் பார்த்தது ஆஸ்பத்திரியில் ஆட்கள் காத்திருக்கும் வாங்கு ஒன்றைத்தான். ஆனாலும் இதே வேலையாக யாராவது போக வேண்டி வரலாம் என்பதால் எழுதுகிறேன்.

மன்னார்த் தீவிலுள்ள தோட்டவெளியில் இருக்கும் என் சின்னம்மாவின் மகள் ஜெசிந்தாவுக்கு அப்போது நிறைமாதம். ஏற்கெனவே மூன்று பிள்ளைகள், மூன்றும் சிசேரியன். இதற்குப் பிறகு இன்னொரு தடவை கரு தங்கினால் உயிருக்கே ஆபத்து என்று டொக்டர் சொல்லியிருந்தார். நம் நாட்டில் கருவைக் கலைப்பது குற்றம், தாயின் உயிர் போகும் நிலை வந்தாலொழிய. அந்த நிலை வரும்வரை காத்திருக்க அவளுக்கு விருப்பமில்லை. நாலாவது சிசேரியனோடு கருத்தடைச் சத்திரசிகிச்சையையும் செய்துவிடக் கேட்டாள். சிசேரியனுக்கு வியாழக்கிழமை திகதி. அதற்குமுன் கருத்தடைக்கான சம்மதப் படிவம் நிரம்பவில்லையென்றால் பிள்ளையை மட்டும் எடுத்துவிட்டு வயிற்றைத் தைத்துவிடுவார்கள்.

படிவத்தில் கணவன் கையெழுத்துக் கேட்டார்கள். கணவன் அன்ரன் கட்டாரில். அவன் வட்ஸ்அப்பில் அனுப்பிய கையெழுத்து செல்லாது, மையால் போட்டதுதான் வேண்டும் என்றார்கள். அவனோடு வேலை செய்யும் ஒருவர் லீவில் வவுனியாவுக்கு வந்தபோது, ஒட்டிய உறை ஒன்றை என்னிடம் தந்துவிட்டுப் போனார். மேலே ஜெசிந்தாவின் பெயர். நான் பிரிக்கவில்லை. பிரிக்க ஆசையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வவுனியாவில் காலை 6.20 பஸ். கிட்டத்தட்ட எண்பது கிலோமீற்றர், கட்டணம் முந்நூற்றிருபது ரூபாய். இடதுபக்க யன்னல் வெயில் படாது. 8.25க்கு மன்னார் பஸ் நிலையத்தில் இறங்கினேன். ஜெசிந்தா ஒரு வானில் காத்திருந்தாள். உள்ளே ஏற்கெனவே ஐந்து பெண்கள். நான் ஒருத்திக்குக் கடிதம் கொண்டுவந்தால் ஊரே புறப்பட்டு நிற்கிறது.

அவர்களிடம் ஒரு முறை உண்டு. படிவத்துக்காக ஒருத்தி போனால் ஐந்து பேர் துணைக்குப் போவார்கள். துணை பெற்றவள் அடுத்த முறை இன்னொருத்திக்குத் துணையாகப் போக வேண்டும். இதைத் தொடங்கியவர் செபமாலை அக்கா, நண்டு உடைக்கும் கொம்பனியில் வேலை. அன்றைக்கு லீவு போட்டிருந்தார்.

பெருநிலத்தில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப்போவதில்லை. சற்றுமுன் பஸ்ஸில் வந்த பாலத்தாலேயே திரும்பிப் போனோம். பாலத்தில்தான் கடிதத்தைப் பற்றி நான் பெருமையாகச் சொன்னேன்.

"அதை வெளியிலை எடுக்காதேங்கோ," என்றார் செபமாலை அக்கா.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இதைத் தரத்தானே அக்கா நான் இவ்வளவு தூரம் வந்தனான்?"

"விளங்குது. ஆனா அதைக் குடுத்தா, புருசன்ரை கையெழுத்து வேணும் எண்டு நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி. அப்பிடி ஒரு சட்டம் இருக்கெண்டு எங்களுக்கு ஒருதரும் இன்னும் காட்டேல்லை."

பின் இருக்கையில் முசலிப் பக்கத்து றிஸ்வானா இருந்தாள். மெதுவாகத்தான் பேசினாள். "எண்ட வீட்டுக்காரர் கையெழுத்து வெக்க மாட்டார். இவ கடிதம் குடுத்தா, வார கிழமை எண்டகிட்டயும் கேப்பாங்க."

ஜெசிந்தா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "கடிதம் உங்கடை பையிலையே இருக்கட்டும் அக்கா. முதல்லை கேட்டுப் பாப்பம். சரிவரேல்லை எண்டா எடுப்பம்."

எனக்குப் பயமாக இருந்தது. ஊருக்காக இவள் ஏன் தன் உயிரோடு விளையாட வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

9.40க்கு எங்கள் இலக்கம் வந்தது. தாதி படிவத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"புருசன் வரேல்லையோ?"

"இல்லை மிஸ். நான் போடுறன்," என்றாள் ஜெசிந்தா.

"அவற்ரையும் வேணும்."

செபமாலை அக்கா குரலை உயர்த்தவில்லை. "எந்தச் சட்டத்திலை இருக்கெண்டு ஒரு துண்டிலை எழுதித் தாங்கோ மிஸ். நாங்கள் கரைச்சல் தராமல் போறம்."

தாதி படிவத்தோடு உள்ளே போனார். இருபத்தைந்து நிமிடம். பெண்கள் வாங்கில் வரிசையாக இருந்து பாணும் சம்பலும் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். நான் சாப்பிடவில்லை. பையின் சிப்பை இரண்டு தரம் திறந்தேன். இரண்டு தரமும் ஜெசிந்தா பார்த்தாள், இரண்டு தரமும் மூடினேன்.

தாதி திரும்பி வந்தார். "எழுதித் தர ஏலாதாம்," என்றார். பிறகு கதிரையில் அமர்ந்து, மேசை லாச்சியிலிருந்து அடிமட்டம் எடுத்து, கணவன் பெயருக்கு எதிரே கையெழுத்துக்கான இடத்தை நேராக ஒரு கோடு இழுத்து வெட்டினார். "மேலை மட்டும் போடுங்கோ."

ஜெசிந்தா கையெழுத்துப் போட்டாள். நான் வாங்கில் போய் இருந்தேன். பிறகு பாண் கேட்டேன், முடிந்துவிட்டது என்றார்கள்.

திரும்பும் வழியில் பாலத்தில் காற்றுக்காக வானை நிறுத்தச் சொன்னோம். ஜெசிந்தா கடிதத்தைக் கேட்டாள். பிரித்து வாசித்தவள் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, கடைசியில் என்னிடம் நீட்டினாள். அன்ரன் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'உன்ரை உடம்பு. நான் சம்மதிக்க என்ன இருக்கு? கேக்கினமாம், அதாலை எழுதிறன். கீழை கையெழுத்து.' இதைக் கொடுத்திருந்தால் நிச்சயம் திருப்பித் தந்திருப்பார்கள்.

வியாழன் மத்தியானம் செய்தி வந்தது. பெண் பிள்ளை, மற்ற வேலையும் முடிந்தது, இரண்டு பேரும் சுகம்.

போகிறவர்களுக்கு: கிளினிக் நாளில் எட்டரைக்கு முன் போய் இலக்கம் எடுங்கள். தண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோங்கள், அருகில் கடை இல்லை. வான் வாடகை போய்வர ஆறாயிரம், ஏழு பேர் வசதியாக இருக்கலாம். தனியாக மட்டும் போக வேண்டாம். இல்லாத சட்டத்தைச் சொன்னால் சண்டை பிடிக்காதீர்கள், எழுதித் தரச் சொல்லிவிட்டு இருங்கள்.

அடுத்த கிழமை றிஸ்வானாவுக்குத் துணை போக வேண்டியது ஜெசிந்தாவின் முறை. பச்சை உடம்புக்காரி எப்படிப் போவாள்? அவளுக்குப் பதிலாக நான் போனேன், அதே 6.20 பஸ்ஸில். கேட்டால் என்ன சொல்வது என்று றிஸ்வானா வானில் வழி முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். தாதி எங்களைக் கண்டதும் ஒன்றும் கேட்கவில்லை. படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். கணவன் பெயருக்கு எதிரே கோடு ஏற்கெனவே இழுத்திருந்தது.