ஆர்வோ நீமியைக் காரின் சாகடித்த கதை

அமெரிக்காவில் துலூத் நகரத்து முதியோர் இல்லத்தில் வேலை பார்த்த காரின் ஹால்வர்சனுக்குப் பொய் சொல்லவே வராது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். படுக்கை விரிப்பு மாற்றுவது, பெரியவர்களைக் குளிப்பாட்டுவது, சவரம் செய்துவிடுவது என்று நாள் முழுக்க ஓடுவாள். வீட்டுக்குப் போனால் மருத்துவக் கல்லூரிக்குக் கடிதம் எழுதுவாள்.

விண்ணப்பம் போட்டாயிற்று, பேசாமல் இருக்க வேண்டியதுதானே என்று கேட்காதீர்கள். எங்கள் பக்கம் அப்படி இருந்தால் மறந்தே போவார்கள். போட்ட பிறகும், 'உங்கள் கல்லூரிதான் எனக்கு உயிர், போன மாதத்திலிருந்து நான் இன்னின்ன சாதித்திருக்கிறேன்' என்று நச்சரித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருத்தன் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது என்பான். ஒருத்தி குவாத்தமாலாவுக்குப் போய்க் கிணறு வெட்டினேன் என்பாள். காரின் என்னத்தை எழுதுவாள்? போன மாதமும் விரிப்பு மாற்றினாள், இந்த மாதமும் விரிப்பு மாற்றினாள். இது மூன்றாவது வருஷம். நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் இந்த வருஷத்தோடு காலாவதி. மற்ற எல்லாக் கல்லூரியும் கைவிரித்தபின், ஒன்று மட்டும் இல்லை என்று சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆர்வோ நீமி சாகக் கிடந்தார். ஏரியில் இரும்புத்தாது ஏற்றிப் போகும் கப்பல்களில் ஆயுசு முழுக்கச் சமையல்காரராக இருந்தவர். வாய் சும்மா இருக்காது. காரினை 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவார். பிப்ரவரியில் நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டியது. டாக்டர் மருந்தை நிறுத்தச் சொல்லிவிட்டார், பாதிரியார் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனார். விடியறதுக்குள்ள முடிஞ்சிடும் என்று நர்ஸ் லோர்னாவே சொன்னாள்.

காரின் வேலை முடிந்து வீட்டுக்குப் போய் மேஜை முன்னால் உட்கார்ந்தாள். கல்லூரிக்கு எழுத வேண்டும், எழுத எதுவும் இல்லை. ஆர்வோ நினைவுக்கு வந்தார். போகத்தானே போகிறார், நான்கு மணி நேரம் முன்னே பின்னே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். 'ஒரு பழைய கப்பல் சமையல்காரர் என் கையைப் பிடித்தபடியே கண்ணை மூடினார். நீ நல்ல டாக்டராக வருவாய் என்பதுதான் அவருடைய கடைசி வார்த்தை' என்று எழுதி அனுப்பியும்விட்டாள்.

மனுஷர் சாகவில்லை! மறுநாள் கண்ணைத் திறந்து காப்பி கேட்டார். கொண்டுவந்து கொடுத்த லோர்னாவிடம், "இது காப்பியா, கப்பல் கழுவின தண்ணியா?" என்று சண்டை பிடித்தார். ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

காரினுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவர் இருமும்போதெல்லாம் அவள் காது அங்கேயே போய் நின்றது. அதில் கவலை எவ்வளவு, வேறு எதிர்பார்ப்பு எவ்வளவு என்று ஒரு நாள் அவளுக்கே விளங்கியபோது, கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா என்று இருந்தது.

மார்ச்சில் கல்லூரியிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. உங்கள் கடிதம் எங்களை உருக்கிவிட்டது என்று போட்டிருந்தார்கள். லோர்னா கூச்சல் போட்டு ஊரைக் கூட்டினாள். கேக் வெட்டினார்கள். ஆர்வோ அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு ஒரு கவரை நீட்டினார்.

"இந்தா டாக்டரம்மா. நானும் அந்தக் காலேஜுக்கு ஒரு சிபாரிசு எழுதிருக்கேன். தபால்ல போட்டுடு."

"என்ன எழுதினீங்க?"

"சாகக் கிடந்த கப்பல் சமையல்காரன் நான், என்னை எந்திரிச்சு உக்கார வச்சது இந்தப் பொண்ணுன்னு எழுதினேன். பொய்யா எழுதினேன்?"

காரின் கவரை வாங்கிக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். கிழித்துப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? கிழிக்கவும் முடியவில்லை. தினமும் காலையில் அவர், "போட்டியா?" என்று கேட்டார். ஒரு நாள் "போட்டுட்டேன்" என்றும் சொல்லித் தொலைத்தாள். அவர் முகம் மலர்ந்ததை அவளால் பார்க்க முடியவில்லை. மறுநாள் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருக்கும்போது கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஆர்வோ, அதை நான் போடலை. போட முடியாது. நீங்க செத்துட்டதா எழுதிட்டேன்."

பாதி முகத்தில் நுரையோடு அவளையே பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அடிப்பாவி! எப்படிச் செத்தேன்? ரொம்பக் கஷ்டப்பட்டேனா?"

"இல்ல. நிம்மதியாத்தான்."

"கடைசியா ஏதாவது சொன்னேனா?"

சொன்னாள்.

"நானா? அப்படியெல்லாம் எனக்குப் பேச வராதே. சரி, பக்கத்துல யாரு இருந்தா?"

"நான்தான். உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு."

சிரிப்பு நின்றது. "அப்ப ரெய்னோ?"

ரெய்னோ அவருடைய மகன். வருஷக்கணக்காக அப்பாவோடு பேச்சு வார்த்தை இல்லாதவன். அவர் சாகக் கிடந்த அன்றைக்கு அரிசோனாவிலிருந்து பறந்து வந்து, பனிப்புயலில் வண்டி ஓட்டி, விடிய விடிய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இல்லத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

"அவன் பிடிச்ச கையை நீ பிடிச்சதா எழுதினியா?" என்றார் ஆர்வோ. துண்டை எடுத்து நுரையைத் தானே துடைத்துக்கொண்டார். போனில் மகனைக் கூப்பிட்டு அவளிடம் நீட்டினார். "என்கிட்ட சொன்னதை அவன்கிட்டயும் சொல்லு."

சொன்னாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது.

"சிவப்பு முடிப் பொண்ணுதானே நீங்க?" என்றான் ரெய்னோ. "அன்னைக்கு நான் வாசல்லயே நின்னுட்டேன். பயமா இருக்கு, உள்ள வரலைன்னேன். வீட்டுக்குக் கிளம்பிட்டிருந்த நீங்க கோட்டைக் கழட்டிப் போட்டுட்டு வந்து, அப்பா பக்கத்துல நாற்காலி போட்டு, என் கையை எடுத்து அவர் கைமேல வச்சுட்டுப் போனீங்க. அதை எழுதியிருக்கலாமேங்க."

காரின் யோசித்துப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டது மட்டும் லேசாக ஞாபகம் வந்தது. அவன் முகம் ஞாபகம் வரவில்லை.

அன்று மத்தியானமே கல்லூரிக்கு இன்னொரு கடிதம் எழுதினாள். அவர் உயிரோடு இருக்கிறார், அன்று அவர் கையைப் பிடித்திருந்தவர் அவருடைய மகன், நான் அங்கே இல்லை என்று எழுதினாள். நேர்காணல் போய்விடும் என்று தெரியும். போயும்விட்டது. ஆனால் எழுதி முடித்த அந்த நிமிஷத்தில், நாற்காலியைப் பற்றி ஒரு வரி சேர்த்தால் ஒருவேளை மனம் இரங்குவார்களோ என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கே உடம்பு கூசிப்போய், சேர்க்காமல் அனுப்பினாள்.