அண்ணனுக்கு வந்த போர்வை

அம்மாவின் கூறைப்புடவையை இரண்டாக வெட்டி, புனேயில் இருக்கும் தங்கை இரண்டு போர்வைகள் தைத்தாள். இரண்டையும் ஒரே நாளில் தபாலில் அனுப்பினாள்.

அடையாறு அண்ணனுக்கு நான்காம் நாளே வந்துவிட்டது. மயிலாப்பூரில் நான் ஒரு மாதமாகக் காத்திருக்கிறேன்.

இன்று தபால்காரரை மடக்கினேன்.

“பழைய டோர் நம்பர் மட்டும் எழுதிகீறாங்க சார். அதையே புது நம்பரா பாத்தா, இடிச்சிக்கினு இருக்கிற வேற வீடு. அங்க யாரோ வாங்கிக்கினாங்க.”

போய்க் கேட்டேன். அங்கே செங்கல் குவியல்தான் இருந்தது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அண்ணனிடம் போனில் சொன்னேன்.

“என்னோடதை நீ எடுத்துண்டு போடா. எங்காத்துல ஏற்கெனவே நாலு ரஜாய் இருக்கு.”

பெருந்தன்மைகூட அவன் விலாசத்துக்குத்தான் சரியாகப் போய்ச் சேருகிறது.

வாங்கிக்கொள்ளலாமா, வேண்டாமா? தம்பியாகப் பிறந்தவர்கள் மட்டும் சொல்லுங்கள்.