கொலுவில் நின்ற டைனோசரும் நான் பிடுங்கிய புல்லும்

இன்று எங்கள் வீட்டுக் கொலுவில்...

சொல்ல வந்தவை:
1. என் மனைவி வரைந்த படம்.
2. அதில் நான் கண்ட பிழை.
3. கொலு பார்க்க வந்தவர் சொன்னது.

(ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியன். எண் போடாவிட்டால் எனக்கு எழுத வராது.)

முதலாவது. பத்மா மாதக்கணக்கில் வரைந்தது ராஜாசாரஸ். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நர்மதைப் பக்கம் திரிந்த ஊனுண்ணி டைனோசர்.

நெற்றியில் குட்டைக் கொம்பு, ஈரம் மின்னும் பற்கள், பின்னால் எரிமலைப் புகை. காலடியில் அடர்ந்த புல். அந்தப் புல்லைக் கரமனை ஆற்றங்கரையில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வரைந்தாள்.

தன் படம் எதையும் அவள் வெளியாருக்குக் காட்டியதில்லை. இந்த நவராத்திரிக்குத்தான் முதல்முறையாகக் கொலுப்படியின் பக்கத்தில் வைக்கத் துணிந்தாள்.

இரண்டாவது. நேற்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"பத்மா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்கோ."

"டைனோசர் காலத்துல புல்லே கிடையாது."

"நன்னாத் தெரியுமோ?"

"வருஷா வருஷம் கிளாஸ்ல சொல்லிக் கொடுத்ததாக்கும்."

தூரிகையை எடுத்தாள். புல் இருந்த இடமெல்லாம் பெரணிச் செடி ஆனது. கால் பக்கத்தில் ஒரு கொத்து மட்டும் மிச்சம்.

"இது இருக்கட்டும். இதையும் அழிச்சா எனக்கு அழுகை வந்துடும்."

விட்டுவிட்டேன். (அரைமனதாக.)

மூன்றாவது. இன்று மாலை அடுத்த வீட்டு சரசா மாமி வந்தார். கொலுவுக்கு வந்தால் ஒரு பாட்டாவது பாட வேண்டுமே. தொண்டையைச் செருமினார். நிறுத்திவிட்டார்.

"பத்மா, இது என்னையே பாத்துண்டிருக்கு, கேட்டயா. எப்பிடிப் பாடறது?"

"திருப்பி வைக்கட்டுமா, மாமி?" பத்மாவின் குரல் இறங்கிவிட்டது.

மாமி படத்தின் அருகே குனிந்து பார்த்தார்.

"வேண்டாண்டி. பாவம், அதுவும் கேக்கட்டும். அந்தப் புல்லு நசுங்காம எத்தனை மெள்ளக் காலை வெச்சிண்டு நிக்கறது, பாரேன்."

பாடினார். பத்மா அவருக்குச் சுண்டலை அள்ளி அள்ளி வைத்தாள்.

இதைப் பதிவிடும் முன் மூன்றையும் சரிபார்த்தேன். இரண்டாவது தவறு.

நம் நாட்டிலேயே கல்லாகிப்போன டைனோசர் சாணத்தில் புல்லின் நுண்தடயங்கள் கிடைத்திருக்கின்றன. நான் படித்த காலத்தில் இது தெரியாது. தெரிய வந்தபோது நான் படிப்பதை நிறுத்தியிருந்தேன்.

அடுக்களைக்குப் போய்ச் சொன்னேன்.

"அப்போ என் புல்லு?"

"சரிதானாக்கும்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு போய்த் தூரிகையைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

"பிடுங்கினது நீங்கதானே? நீங்களே நட்டுக் கொடுங்கோ."

"எனக்கு வரையத் தெரியாதே."

"அந்தக் கொத்து இருக்கோல்லியோ? அதைப் பாத்து வரையுங்கோ."

ஆகவே நண்பர்கள் இரண்டாவது குறிப்பை அடித்துவிட்டுப் படிக்கவும்.

நாளை கொலு பார்க்க வருகிறவர்கள், டைனோசரின் காலடியில் பச்சையாக ஏதோ கோணல்மாணலாக இருக்கக் கண்டால், தயவுசெய்து என்னவென்று கேட்க வேண்டாம். அது புல்.