செவலைக்கு நான் போட்ட மாலை

அன்னக்கொடி என் பொண்டாட்டி. பூம்பாறையில அவகிட்ட வாய் குடுத்து ஜெயிச்சவன் எவனும் கெடையாது, நான் உள்பட. கல்யாணமாகி வந்த மறுவருசமே, பொம்பளை மருந்தடிக்கக் கூடாதுன்னு சொன்னவங்க முன்னாடியே தெளிப்பானை முதுகுல மாட்டிக்கிட்டுப் பூண்டுக்காட்டுல எறங்குனவ. இன்னைக்கும் எங்க ரெண்டு ஏக்கரும் அவ கைக்குள்ளதான் இருக்கு. பட்டாவுல மட்டும்தான் பழனிமுத்துங்கிற என் பேரு.

காட்டுக்குக் காவல் எங்க நாய் செவலை. காட்டுப்பன்னி வந்தா மொதச் சத்தம் அதுதான் குடுக்கும். ரோட்டோரம் தாயில்லாம கெடந்த குட்டியை அன்னக்கொடிதான் முந்தானையில சுத்தித் தூக்கிட்டு வந்து வளத்தா.

நான் வருசா வருசம் மாலை போட்டுத் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவன். போன தடவை பூண்டு விலை ஏறணும்னு வேண்டிக்கிட்டு, கார்த்திகை ஒண்ணாந்தேதியே போட்டுட்டேன். மாலை போட்ட வீட்டுல கறி, முட்டை, கருவாடு எதுவும் அடுப்பேறாது. மத்த வருசம்னா செவலை டீக்கடைப் பக்கம் போயி எதையாவது தின்னுட்டு வந்துரும். அந்தத் தடவை எனக்குப் பக்தி முத்திப்போச்சு. அதுக்கும் ஒரு துளசி மாலையைப் போட்டு, வெளிய வாய் வைக்காமக் காட்டுக் கொட்டகையிலயே கட்டிப்போட்டேன். சோத்துல பட்டர் பீன்ஸ், பட்டாணி, பருப்பு, அவ்வளவுதான். எங்க வீட்டு நாயும் விரதம்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேன். டூரிஸ்ட்டுங்க வந்து போட்டோ வேற எடுத்தாங்க. அன்னக்கொடி மொத நாளே வேணாம்னா. பயறுல இல்லாத சத்தான்னு கேட்டுட்டு நான் என் போக்குல போனேன்.

மார்கழி கடைசியில செவலைக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுச்சு. பன்னி வந்து ரெண்டு பாத்திப் பூண்டை ஒழப்பிட்டுப் போயிருக்கு, இது தலையைக்கூடத் தூக்கல. அன்னைக்கு வெள்ளனே அன்னக்கொடி அதை மடியில போட்டுக்கிட்டு ஜீப்புல ஏறிட்டா. மனசு கேக்காம நானும் கொடைக்கானலுக்குக் கூடப் போனேன்.

மாட்டாஸ்பத்திரியில டாக்டர் லாவண்யா அது நெஞ்சுல குழாய் வச்சுக் கேட்டுட்டு, இதயம் பலவீனமா இருக்குன்னாங்க. என்ன தின்னுச்சுன்னு கேட்டப்போ நான் அன்னக்கொடியைப் பாத்தேன். அவதான் சொன்னா. பயறு நல்லா வெந்துச்சான்னு கேட்டாங்க, குக்கர்ல ஆறு விசில்னா.

"பயறு ஒண்ணும் விஷமில்ல. நல்லா வேக வச்சு மத்ததோட கலந்து போடலாம்"னாங்க டாக்டர். "அதையே முழுச் சாப்பாடா போட்டா இதயத்தைப் பாதிக்குமான்னு இன்னும் ஆராய்ச்சி நடக்குது. இதுக்கு அதனாலதான் வந்துச்சுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா முட்டை, ஈரல் இல்லாம இது தேறுறது கஷ்டம்."

மாத்திரையோட சேத்து ஈரலையும் வாங்கிட்டுத்தான் அவ ஜீப் ஏறுனா. மாலை போட்ட வீடுடின்னு வழியெல்லாம் சொல்லிப் பாத்தேன். காதுலயே வாங்கல. வந்ததும் காட்டோரத்துல மூணு கல்லைக் கூட்டிச் சட்டியை ஏத்திட்டா. வாசனை ஊருக்கே போயிருச்சு.

எங்க பாதயாத்திரைக் குழுவுக்குத் தலைவரு சுவாமிநாதன் நாலு பேரோட வந்து நின்னாரு. குழு வருசா வருசம் பொறப்படுறது எங்க வாசல்லருந்துதான். எங்கப்பா காலத்துலருந்து வர்ற மரியாதை அது. சட்டியை எறக்கலைன்னா இந்த வருசம் பொறப்பாடு வேற வீட்டுலன்னு சொல்லிட்டாரு. எனக்கு மானமே போச்சு. எறக்குடின்னு கத்திட்டேன்.

அன்னக்கொடி கரண்டியை விடல. ஒத்தக் கையாலயே செவலை கழுத்து மாலையைக் கழட்டி என் கையில குடுத்தா.

"பூண்டு விலை ஏறணும்னு வேண்டிக்கிட்டது நீங்க. அதுக்கு இது ஏங்க சாகணும்? இது முருகன்கிட்ட என்ன கேட்டுச்சு?"

சுவாமிநாதன் என்னையப் பாத்தாரு, நான் கையில இருந்த மாலையைப் பாத்தேன். பாவம்னா அது என் தலையிலயே எறங்கட்டும், சட்டி எறங்காதுன்னுட்டு அவ திரும்பி நின்னு கிண்ட ஆரம்பிச்சுட்டா.

பொறப்பாடு வேற வீட்டுலதான் நடந்துச்சு. நான் போயி அந்த வாசல்ல கடைசி ஆளா நின்னு நடந்தேன். பழனி மலையேறிச் சன்னதியில கும்பிட்டப்போ பூண்டு விலை ஞாபகத்துக்கே வரல. அந்த நாய் பொழைக்கணும்னு மட்டும்தான் கேட்டேன். கேக்கும்போதே அழுதுட்டேன்.

திரும்பி வந்தப்போ செவலை எந்திரிச்சு நின்னுச்சு. மூச்சு கொஞ்சம் வாங்கத்தான் செஞ்சுச்சு, ஆனாலும் நின்னுச்சு. வாலை ஆட்டுனது அன்னக்கொடியைப் பாத்துதான், என் பக்கம் வரல. அவ பஞ்சாமிர்தத்தை வாங்கி உள்ள வச்சுட்டு, ஈரல் பொட்டலத்தையும் அருவாமணையையும் என் முன்னால கொண்டாந்து வச்சா.

"மாலை கழட்டியாச்சுல்ல. இன்னைக்கு நீங்க வேக வைங்க."

பழனி வரைக்கும் நடந்த காலு, காட்டோரத்துல நான் எறக்குடின்னு கத்துன அந்த மூணு கல்லுக்கிட்டப் போறதுக்குக் கூசுச்சு.