தீவுக்குப் போக எந்த வாரம்

அந்த மருத்துவமனையில் அவளுடைய பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவள் பட்டியலக்கா. அறுபத்து நான்கு நர்ஸுகளுக்கு எந்த நாள் காலை ஷிப்ட், எந்த நாள் ராத்திரி ஷிப்ட், யாருக்கு என்று ஆஃப் என்று மாதாமாதம் டூட்டிப் பட்டியல் போடுவது அவள் வேலை. அவள் கை படாமல் ஒருவருக்கும் லீவு கிடையாது. கல்யாணம், பிரசவம், பல்வலி என்று எல்லோருடைய காரணமும் அவள் மேஜைக்கு வந்துதான் போகும். பதினொரு வருஷத்தில் அவள் தனக்கென்று எழுதிக்கொண்ட லீவை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதிலும் பாதி கணவரை அட்மிட் செய்த நாட்கள்.

கணவர் கண்ணாடி வேலைக்காரர். ஜன்னலுக்கும் கடை முகப்புக்கும் கண்ணாடி அளந்து, அறுத்து, பொருத்துகிறவர். மூன்று வருஷத்துக்கு முன்பு சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. அதிலிருந்து செவ்வாய், வியாழன், சனி காலையில் அதே மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். வேலை போயிற்று. பேச்சும் குறைந்துபோயிற்று. அவளுக்கோ நேர்மாறாக ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாமல் போயிற்று. பட்டியலில் இரண்டு வரி எழுதுவாள், மாடிக்கு ஓடுவாள், கண்ணாடிக் கதவு வழியாக அவரைப் பார்ப்பாள், வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாள், திரும்பக் கீழே ஓடுவாள். வீட்டில் நின்றுகொண்டே சாப்பிடுவாள். கல்லூரியில் படிக்கும் மகள், "அம்மாவுக்குக் கால்ல சக்கரம், அதுக்கு பிரேக்கும் இல்ல" என்பாள்.

லீவில் ஒரு தீவுக்குப் போய்வந்த இளம் நர்ஸ் ஒருத்தி போனில் படம் அனுப்பியிருந்தாள். அன்று மாலை பட்டியலக்கா அதைக் கணவரிடம் காட்டினாள். சும்மா, பேச ஏதாவது வேண்டுமே என்றுதான். அவர் போனை வாங்கி, படத்தை விரலால் பெரிதாக்கி, கரையோரத் தண்ணீரை வெகுநேரம் பார்த்தார்.

"இது பன்னெண்டு எம்எம் கண்ணாடி," என்றார்.

"என்னது?"

"நடுவுல பார்த்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். ஓரத்துல பாரு, அந்தப் பச்சை. தடிச்ச கண்ணாடியை அறுத்தா ஓரம் இப்படித்தான் இருக்கும். அஞ்சு எம்எம்முக்கு இந்த நிறம் வராது."

மூன்று வருஷத்தில் அவர் தொழிலைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். அடுப்பை அணைக்கும்போது முடிவு செய்துவிட்டாள்.

முடிவு செய்வது எளிது. எந்த வாரம் என்பதில்தான் சிக்கல். நோட்டுப் புத்தகத்தில் பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டம் போட்டாள். அது வெப்பநாடும் அல்லாத, குளிர்நாடும் அல்லாத நடுவாந்திரத் தீவு. கோடையில் பள்ளி விடுமுறை, அறை வாடகை மூன்று மடங்கு. குளிர்காலத்தில் அறை மலிவு, ஆனால் கடலில் கால் வைத்தால் விரல் விறைக்கும். வசந்தத்தின் கடைசியில் எல்லாம் அம்சமாக இருக்கும். அதனாலேயே அறை ஒன்றும் மிஞ்சியிருக்காது. கோடை முடிந்ததும் புயல் பருவம், பாதி விலை. அது ஓய்ந்து குளிர் இறங்குவதற்குள் ஒரு மூன்று வாரம் இருந்தது. தண்ணீரில் வெதுவெதுப்பு மிச்சமிருக்கும், கூட்டம் இருக்காது. அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டாள்.

செலவுக்கும் ஒரு வரம்பு வைத்தாள்: தன்னுடைய ஒன்றரை மாதச் சம்பளம், அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. ஃப்ரிட்ஜ் மாற்றுவதைத் தள்ளிப்போட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் கேட்டு வாங்கினாள். ஆனால் விலை அவளைவிடப் பொறுமையில்லாமல் இருந்தது. காலையில் பார்த்த அறை மதியம் ஏறியிருக்கும், சாயங்காலம் இறங்கும், சரி என்று பதிவு செய்தால் மறுநாள் பக்கத்து விடுதி அதைவிடக் குறைவாகக் காட்டும். ரத்து செய்வாள். திரும்பப் பதிவு செய்வாள். டீ இடைவேளையில் பார்ப்பாள், பஸ்ஸில் பார்ப்பாள், பல் தேய்த்துக்கொண்டே பார்ப்பாள்.

பெரிய முடிச்சு வேறு. தீவில் டயாலிசிஸ் உண்டா? உண்டு. அங்கே இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் இரண்டே மெஷின். உள்ளூர்க்காரர்கள் போக வெளியூர்க்காரர்களுக்கு வாரத்தில் செவ்வாய் ஒரு இடம், வியாழன் ஒரு இடம். கடிதம் எழுதினாள். பதினெட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அவள் வட்டமிட்ட மூன்று வாரமும் நிரம்பிவிட்டன. அதற்கு முந்தின வாரம், ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை காலியாக இருக்கிறது. வேண்டுமா?

அது புயல் பருவத்தின் கடைசி வாரம். மாதக் கடைசியும்கூட, அடுத்த மாதப் பட்டியல் வெளியாக வேண்டிய வாரம்.

வேண்டும் என்று அன்றே பதில் எழுதிவிட்டாள். ஞாயிறு காலை கப்பலேறினால் ஐந்து மணி நேரத்தில் தீவு. செவ்வாய் அங்கே டயாலிசிஸ். புதன் கப்பலில் திரும்பினால் வியாழன் வழக்கமான படுக்கை. மூன்று ராத்திரி. கணக்கு கச்சிதமாக உட்கார்ந்தது.

உட்காராதது கணவர்தான்.

"எனக்கு எதுக்கு இதெல்லாம்? நான் கேட்டேனா?"

"அந்தத் தண்ணியைப் பார்த்து எவ்வளவு ஆசையாப் பேசினீங்க..."

"கண்ணாடியைப் பத்திப் பேசினேன். போகணும்னு சொல்லல." அவர் குரல் உயரவில்லை. "எனக்காகன்னு சொல்லாத. உனக்கு இங்கேருந்து ஓடணும். ஓடு, தப்பே இல்ல. அதை என் தலையில வெக்காத."

அவளுக்குச் சுருக்கென்றது. மறுக்க வாயெடுத்தாள். ஆனால் அதில் பாதி உண்மை.

"ஆமாங்க. எனக்குத்தான். மூணு வருஷமா நீங்க அந்த பெட்டுல படுத்திருக்கீங்க, நான் அந்த வராந்தாவுல நடந்துகிட்டிருக்கேன். அங்க எத்தனை டைல்ஸ் இருக்கு, எது உடைஞ்சிருக்கு, எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு தடவை வேற வராந்தாவுல நடக்கணும். அவ்வளவுதான்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"சரி, வேற வராந்தா. போலாம்."

மேட்ரனிடம் லீவு கேட்கப் போனாள். அறுபத்து நான்கு பேருக்கு லீவு எழுதியவளுக்குத் தனக்குக் கேட்கத் தெரியவில்லை. மாதக் கடைசி வாரம் என்றதும் மேட்ரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த வாரமா? உனக்கே தெரியும்ல, வேற யாராவது கேட்டா நீயே தர மாட்ட."

"தர மாட்டேன், மேடம்."

"காரணம்?"

பிரசவமும் இல்லை, பல்வலியும் இல்லை. "கடல் பார்க்கணும், மேடம்" என்றாள். சொன்ன பிறகு காது சூடாகியது.

மேட்ரன் மூக்குக்கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "பட்டியலை முன்கூட்டியே போட்டு வை. வெளியிடறதை ஸ்டோர் கிளார்க் பார்த்துக்கட்டும். புதன்கிழமை திரும்பிடுவ இல்ல?"

"புதன்கிழமை சாயங்காலம் கப்பல் வந்துரும், மேடம்."

கிளம்ப வேண்டிய ஞாயிற்றுக்கு முந்தின சனி காலை. கணவர் மூன்றாவது மாடியில் மெஷினில் இருந்தார். அவள் போனில் செய்தி வந்தது: செவ்வாய் இரவு முதல் தீவுப் பகுதியில் பலத்த காற்று, மழை. கப்பல் ஓடுமா என்பது பின்னர் அறிவிக்கப்படும்.

வராந்தாவில் நடந்துகொண்டே கப்பல் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அங்கிருந்த பெண் கிளிப்பிள்ளை போலச் சொன்னாள். கப்பலை அவர்களே நிறுத்தினால் முழுப் பணமும் திரும்பும். பயணி ரத்து செய்தால், இன்று பன்னிரண்டு மணிக்குள் என்றால் பாதி. தாண்டினால் எதுவும் இல்லை. ஞாயிறு கப்பல் உறுதியாகப் போகும். புதன் கப்பல் தெரியாது.

போகலாம், திரும்பத்தான் முடியுமா தெரியாது. மணி பத்தரை. பணம் போனால் போகட்டும். கப்பல் நின்று வியாழன் டயாலிசிஸ் தவறினால்? கால் வீங்கும். மூச்சு இரைக்கும். முன்பு ஒரு முறை தவறியபோது அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தது கண்ணுக்குள் வந்தது. நடந்தாள். ரத்து பொத்தான் மேல் விரலை வைத்தாள், எடுத்தாள். பதினொன்றே கால். கதவு வழியாகப் பார்த்தால் அவர் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் கைகளால் ஏதோ அளந்து காட்டிக்கொண்டிருந்தார். தீவைப் பற்றித்தான் இருக்கும். அவள் மறுபடி நடந்தாள்.

பதினொன்றரைக்குத் தீவு ஆஸ்பத்திரியின் எண்ணை அழைத்தாள். டயாலிசிஸ் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் எடுத்தார். அவள் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அம்மா, கொஞ்சம் நில்லுங்க. நடந்துகிட்டே பேசறீங்களா? மூச்சு வாங்குது."

அவள் நின்றாள்.

"வியாழக்கிழமை வெளியூர் இடத்துக்கு யார் வர்றாங்க தெரியுமா? உங்களை மாதிரியே ஒருத்தர். புதன்கிழமை கப்பல்ல வரணும். கப்பல் நின்னா நீங்க போக முடியாது, சரி. அவரும் வர முடியாது இல்ல? மெஷின் சும்மா கிடக்கும். உங்க வீட்டுக்காரர் வந்து படுத்துக்கட்டும்."

"கரண்ட்டு போச்சுன்னா?"

"ஜெனரேட்டர் இருக்கு. டேங்க்ல மூணு நாளைக்குத் தண்ணி இருக்கு. இங்க வருஷா வருஷம் புயல்தாம்மா. நாங்க என்ன, வருஷா வருஷம் புதுசாவா பயப்படுவோம்?"

இத்தனை நாள் கட்டம் போட்டும் இது தனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. இடம் மாற்றிப் போடுவதுதானே அவளுடைய பிழைப்பே? பன்னிரண்டு மணி அடித்தபோது அவள் ரத்து செய்யவில்லை.

தீவில் ஞாயிறும் திங்களும் வானம் மூடியே இருந்தது. படத்தில் பார்த்த பச்சை எங்கும் இல்லை. கடல் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி கிடந்தது. அவள் விடுதிக்காரியிடம் சண்டை போடுவது போலக் கேட்டாள், எப்போது வெளுக்கும் என்று. கணவர் ஜன்னலோரம் நாற்காலி போட்டுக்கொண்டு அலையைப் பார்த்தார். அவருக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் தண்ணீர் அளவு, உப்பும் ஆகாது.

"எவ்வளவு தண்ணி பாரு," என்றார். "அத்தனையும் உப்பு. டாக்டர் சொன்ன மாதிரியே ரெண்டையும் தொடக் கூடாது."

செவ்வாய் டயாலிசிஸ் நல்லபடியாக முடிந்தது. அன்றிரவு காற்று தொடங்கியது. புதன் கப்பல் நின்றது. வியாழன் கப்பலும் நின்றது. அவள் மேட்ரனுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டாள். லைன் இரைந்ததில் மேட்ரன் என்ன சொன்னார் என்றே கேட்கவில்லை. விடுதியின் நீள வராந்தாவில் நடந்தாள். ஒரு முனையில் மழை அடித்தது, மறு முனையில் அடிக்கவில்லை. நனைந்து, காய்ந்து, நனைந்து நடந்தாள். வியாழன் காலை ஆட்டோவில் அவரை அணைத்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மெஷின் சொன்னபடியே காலியாக இருந்தது. பாதியில் ஒருமுறை விளக்கு அணைந்தது, அவள் துள்ளி எழுந்தாள். ஜெனரேட்டர் செருமிக்கொண்டு கிளம்பியது. டெக்னீஷியன் பிஸ்கட்டை மென்றபடியே நின்றார்.

வெள்ளி காலை வானம் திறந்தது. கப்பல் ஒரு மணிக்கு என்று அறிவித்தார்கள். அதற்குள் நான்கு மணி நேரம் கிடைத்தது. கலங்கல் முழுக்கத் தெளியவில்லை. ஆனால் பாறை மறைத்த ஒரு சின்ன வளைவில் மட்டும் தண்ணீர் தெளிந்து நின்றது. அவர் பேன்ட்டை முட்டி வரை சுருட்டிக்கொண்டு இறங்கினார். குனிந்து, வலது கையை முழங்கை வரை விட்டு, விரல்களை விரித்துப் பார்த்தார்.

"பன்னெண்டு இல்ல," என்று கத்தினார். "பத்து எம்எம்தான்!"

அவள் கரையில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கப்பலுக்கு நேரமாகிவிடுமோ என்று மூன்று தடவை மணி பார்த்தாள். நான்காவது தடவை போனைச் செருப்புக்குள் வைத்துவிட்டு இறங்கினாள்.

செலவு வரம்பைத் தாண்டியது. கூடுதலான இரண்டு ராத்திரிக்கு விடுதிக்காரி பாதி வாடகைதான் வாங்கினாள். அப்படியும் வியாழன் டயாலிசிஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்தால் இரண்டு மாதச் சம்பளத்தைத் தொட்டது. ஃப்ரிட்ஜ் இன்னும் ஆறு மாதம் முனகிக்கொண்டே ஓடியது. பட்டியலை ஸ்டோர் கிளார்க் வெளியிட்டிருந்தார். ஒரு நர்ஸுக்கு ஒரே நாளில் இரண்டு ஷிப்ட் விழுந்திருந்தது. அவர்களே பேசி மாற்றிக்கொண்டார்கள். தான் இல்லாமல் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை என்பது அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, ஒரு வாரத்துக்குக் கோபமாகவும் இருந்தது.

மூன்றாவது மாடியில் அவர் வாயை அடக்க முடியவில்லை. மெஷின் எப்படி, காற்று எப்படி, கடல் எத்தனை எம்எம் என்று நான்கு மணி நேரமும் பேச்சு. மறு மாதம் பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி கையில் காகிதத்தோடு அவள் மேஜைக்கு வந்தாள். "அக்கா, உங்க வீட்டுக்காரர் சொன்னார். எங்களுக்கும் ஒரு வாரம் பார்த்துத் தரணும். கையில இவ்வளவுதான் இருக்கு." அதற்குப் பிறகு இன்னும் இருவர் வந்தார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் இப்போது அந்த மேஜையில் தனியாக ஒரு நோட்டு இருக்கிறது. எந்த வாரம் மலிவு, எந்தச் செவ்வாய் காலி, யாருடைய வியாழனை யாருக்குப் போடலாம் என்று அதில் கட்டம் கட்டமாக எழுதியிருக்கிறாள். தீவு டெக்னீஷியன் அவள் குரலைக் கேட்டதுமே, "நின்னுகிட்டுப் பேசறீங்களா, நடந்துகிட்டா?" என்கிறார். அவள் நடந்துகொண்டேதான் பேசுகிறாள்.