பர்வதமலைக்குப் போய் லாரியில் வந்தவள்

இல்லவே இல்லை. லாரிக்கு வழிகாட்டி, வெளியூர் ஆட்களை அறுப்புக்குக் கூட்டிவந்தது என் அண்ணி இல்லை. எதிர்வீட்டு ரெத்தினம் குழாயடியில் நின்று எத்தனை தடவை சொன்னாலும் இல்லைதான். இத்தனை காலம் பொறுத்துக்கொண்டேன். இப்போது தன் பேரப்பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறாள். "பிரகதாம்பாள்னு ஒரு கருங்காலி இருந்தா, மலைக்குப் போறேன்னு சொல்லிட்டு எவனையோ பாக்கப் போவா" என்று நண்டுசிண்டெல்லாம் பேசுகிறது. பதில் சொல்ல அண்ணி இந்தத் தெருவில் இல்லை. நான் இருக்கிறேன். என் வாயை அடைக்க ரெத்தினத்தால் ஆகாது.

பிரகதாம்பாள் என் அண்ணன் வைத்தியலிங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். திருவெண்காட்டுப் பக்கத்துப் பெண். நடவுக்கு இறங்கினால் பக்கத்து ஆள் நிமிர்வதற்குள் தன் பங்கை முடித்துவிட்டுக் கரையேறி நிற்பாள். அதுவே பாதிப் பேருக்குப் பிடிக்காது. வாயும் கொஞ்சம் நீளம். ஒருவர் கேட்டதற்கு அவர் விரும்பின பதிலைச் சொல்ல அவளுக்குக் கடைசிவரை வரவில்லை.

கல்யாணமாகிச் சில வருஷம் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. தெருவில் வந்த ஒரு பண்டாரம் சொன்னதைக் கேட்டு, மருமகள் பர்வதமலை ஏறி வருவாள் என்று என் அம்மா வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்டவள் செத்துப்போனாள், வேண்டுதல் பாக்கி நின்றது. அண்ணன் செங்கொடிச் சங்கத்து ஆள். சாமி, பூதம் எதுவும் கிடையாது. "நீ வேணா போயிட்டு வா" என்று சொல்லிவிட்டான். தனியாக இவள் எங்கே போகப்போகிறாள் என்ற நினைப்புதான். அவள் போய்விட்டு வந்தாள்.

நம் பக்கத்தில் உயரம் என்றால் என்ன? வைக்கோல் போர். அதைவிட்டால் கோபுரம். அதில் நம்மை யார் ஏறவிட்டார்கள்? பிறந்தது முதல் தண்ணீர் மட்டத்திலேயே கிடக்கிற ஊர் இது. வரப்புக்கும் வாய்க்காலுக்கும் முழ உயரம் வித்தியாசம் இருந்தால் அதை மேடு என்போம். இங்கிருந்து போனவள் உள்ளங்கையெல்லாம் கொப்புளத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாமி பாத்தீங்களா அண்ணி?" என்று கேட்டேன்.

"பாத்தேன். அது கெடக்கட்டும், அந்தக் கடப்பாறைப் படி இருக்கு பாரு சௌந்தரம்! செங்குத்தாப் பாறை. அதுல கடப்பாறைய அடிச்சு வெச்சிருக்கான். சங்கிலியப் புடிச்சுக்கிட்டு கால அதுமேல வெச்சு வெச்சு ஏறணும். பக்கத்துல வந்த செட்டியாரம்மா அழுவுறா. எனக்குச் சிரிப்பு வருது. வழுக்கு வரப்புல நாத்துக்கட்டோட நடக்குற காலு, இது என்ன பண்ணும்?"

பிள்ளை பிறக்கவில்லை. ஆனால் அடுத்த வருஷமும் போனாள். அதற்கடுத்த வருஷமும். வேண்டுதல் பலிக்காத கோயிலுக்கு ஒருத்தி ஏன் திரும்பத் திரும்பப் போகிறாள் என்று தெருவுக்குக் குடைச்சல். பிள்ளைக்காக என்று ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் எல்லோரும் உச்சுக் கொட்டிவிட்டு விட்டிருப்பார்கள். அவள், "புள்ளைக்காகப் போவல. எனக்கு ஏறணும், அதான் போறேன்" என்றாள். அன்றைக்கே அவளுக்கு ஒரு கள்ளப் புருஷனைக் கட்டிவிட்டார்கள்.

அவள் போகிற போக்கைப் பார்த்தால் கள்ளப் புருஷனுக்காக எவளும் அப்படிப் போகமாட்டாள். காரா இருக்கிறது நமக்கு? புளிச்சோற்றை மூட்டை கட்டிக்கொண்டு சீர்காழிக்கு டவுன் பஸ். அங்கே ரயில் ஏறி விழுப்புரம். விழுப்புரத்தில் இறங்கிக் காட்பாடிப் பக்கம் போகிற வண்டிக்குக் காத்துக் கிடக்க வேண்டும். ஒரு தடவை தெரியாமல் புதுச்சேரி வண்டியில் ஏறிக் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். அவளுக்கும் எழுத்துத் தெரியாது, என்னைப் போலத்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து மண்ணைப் பார்த்துக்கொண்டே போவாளாம். நம் கறுப்புக் களி முடிந்து செம்மண் வரும். நெல் போய்க் கடலைக்கொல்லை வரும். பிறகு மொட்டைப் பாறைகள். அப்போது மூட்டையை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்பாள். போளூரில் இறங்கி, கடலாடி போகிற பஸ்ஸில் தொற்றிக்கொண்டு, மிச்சத்தை நடப்பாள். திரும்பி வருவதும் இதே பாடுதான்.

இப்போது அந்தத் தை மாதத்துக்கு வருகிறேன். சூரியன் சின்னக்காரர்கள் ஆட்சிக்கு வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். நிலம் யாருக்கு, கூலி எவ்வளவு என்று எந்தத் தெருவிலும் அதே பேச்சு. சம்பா விளைந்து சாய்ந்து கிடக்கிறது. பண்ணை பேசின கூலியைத் தரமாட்டேன் என்கிறது. சங்கம் அறுப்பை நிறுத்திவிட்டது. வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து அறுத்துவிடக் கூடாதென்று ரோட்டின் குறுக்கே பனைமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பெண்கள் முறைவைத்து வயற்கரையில் காவல் நின்றோம்.

அண்ணி எப்போதும் சித்திரையில்தான் மலைக்குப் போவாள். அந்த வருஷம், வேலை இல்லை, கை சும்மா இருக்கிறது, இப்போதே போய்வந்துவிடுகிறேன் என்றாள். "ஒன் மொறையையும் என் மொறையையும் சேத்து நில்லு சௌந்தரம்" என்றாள். நின்றேன். இதில் என்ன துரோகம்? வேலைநிறுத்தம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று சங்கம் சொன்னதா?

திரும்பி வரும்போதுதான் விதி. சீர்காழியில் இறங்கினால் நம் ஊர்ப் பக்கம் பஸ் கிடையாது. ரோட்டில்தான் மரம் கிடக்கிறதே. மலையிலிருந்து இறங்கும்போது பாறையில் இடறிக் கணுக்கால் வீங்கியிருந்தது. அப்படியே நொண்டிக்கொண்டு நடந்திருக்கிறாள். பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. ஓட்டினது மூஸா. நம் ஊருக்குத் தவிடு, புண்ணாக்கு ஏற்றிவருகிறவர், எல்லோருக்கும் தெரிந்த மனுஷர். "ஏம்மா இந்தக் காலோட நடக்குறே, பின்னாடி ஏறிக்க" என்றார். ஏறினாள். தார்ப்பாய்க்குள் போய்ப் பார்த்தால் ஆட்கள். மடியில் கருக்கரிவாள்.

"எங்க போறீங்க?" என்று கேட்டாளாம்.

"அறுப்புக்கு. கூலி நல்லாத் தர்றாங்கன்னு கூட்டியாந்தாங்க."

"யார் வயல்ல, எதுக்கு நல்லாத் தர்றான்னு கேட்டீங்களா? அங்க சண்டை நடக்குது. எங்க ஆளுங்க வயித்தக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. நீங்க அறுத்தா அவங்க செத்தாங்க. அவங்க அடிச்சா நீங்க செத்தீங்க."

அவர்களுக்கு இது ஒன்றும் சொல்லப்படவில்லை. அண்ணி முன்பக்கத்தை டமடமவென்று தட்டி மதகடியில் லாரியை நிறுத்தினாள். அவள் வாய்க்கால் பக்கமாக இறங்க, சிலர் மறுபக்கமாகக் குதித்துவிட்டார்கள். "சீர்காழிக்கு எப்படிப் போவணும்?" என்று கேட்டவர்களுக்குக் கையை நீட்டிக் காட்டினாள். முன்னால் மூஸாவின் பக்கத்தில் பண்ணையின் காரியக்காரன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவன்தான் லாரியை ரோட்டைவிட்டு இறக்கி வாய்க்கால் கரை வழியாக ஓட்டச் சொன்னான். பனைமரத்தைச் சுற்றிக்கொண்டு போக அது ஒன்றுதான் வழி.

எதிர்க்கரையில் காவல் நின்றது ரெத்தினம். அவளுக்குத் தெரிந்தது என்ன? லாரி நிற்கிறது, என் அண்ணி இறங்குகிறாள், கையை நீட்டுகிறாள், லாரி கரைமேல் போகிறது. மறுபக்கம் குதித்த ஆட்களை லாரி மறைத்துக்கொண்டது, அது நகர்வதற்குள் அவர்கள் சரிவில் இறங்கிவிட்டார்கள். கண்ணால் கண்டேன் என்கிறாளே, கண்டது அவ்வளவுதான்.

மிச்ச ஆட்கள் வயலில் இறங்கினார்கள். கூடவே போலீசும் வந்தது. கல்வீச்சு, தடியடி. ரெத்தினத்தின் புருஷன் பஞ்சநாதனுக்கு மண்டை உடைந்து, அந்த ரத்தத்தோடு வேனில் ஏற்றிக்கொண்டு போய், சில நாள் கழித்துத்தான் விட்டார்கள். அது பெரிய துக்கம். நான் இல்லை என்று சொல்லவில்லை, அன்றைக்கு அவளைக் கட்டிக்கொண்டு நானும்தான் அழுதேன். அதற்காக?

மறுநாள் சங்கத்துக் கொடிமரத்தடியில் கூட்டம். சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு நடுவில் உட்கார்ந்தார். மூஸா வலிய வந்து நடந்ததைச் சொல்லிப் பார்த்தார். "பண்ணைக்கு வண்டி ஓட்டுறவன் பேச்சு இங்க எடுபடாது பாய், வந்த வழியே போங்க" என்று துரத்திவிட்டார்கள்.

"நீயே சொல்லு பிரகதா" என்றார் அய்யாக்கண்ணு.

"நான் வழி காட்டல. ஏறினப்ப தெரியாது. தெரிஞ்சதும் எறங்கிட்டேன்."

ரெத்தினம் பாய்ந்தாள். "எறங்குறப்ப கைய நீட்டினியே, கோலம் போட்டியாக்கும்?"

"திரும்பிப் போறவங்களுக்கு வழி சொன்னேன்."

"எங்க அவங்க? ஒருத்தனக் காட்டேன்! மலைக்குப் போறாளாம் மலைக்கு. ஊரு பட்டினி கெடக்குது, இவளுக்கு ஊர்வலம் கேக்குது!"

யாரோ சிரித்தார்கள். என் அண்ணன் சங்கத்தில் முன்வரிசை ஆள். தலை தரையைப் பார்த்தபடி இருந்தது. அய்யாக்கண்ணு தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கு இதுல நம்பிக்கையில்ல. ஆனா ஜனம் நம்புறது சூடத்தத்தான். அணைச்சுச் சத்தியம் பண்ணிடு, முடிச்சுக்கலாம்" என்றார்.

வெற்றிலையில் சூடத்தை ஏற்றி வைத்தார்கள். அண்ணி நொண்டி நொண்டி வந்தாள். "ஆள நான் கொண்டாரல, வழியும் காட்டல" என்று சொல்லி, சங்கிலி பிடித்துக் கொப்புளித்திருந்த அதே உள்ளங்கையால் நெருப்பை அழுத்தி அணைத்தாள். முகம் சுளிக்கவில்லை. அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

"இன்னொண்ணும் சொல்லச் சொல்லுங்க" என்றாள் ரெத்தினம். "இனிமே மலைக்குப் போவ மாட்டேன்னு. அந்தப் போக்குலதான இத்தனையும் வந்துச்சு?"

ஆமாம் ஆமாம் என்று நாலு குரல். அய்யாக்கண்ணு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் எழுந்தான். பொண்டாட்டிக்காக ஒரு வார்த்தை பேசப்போகிறான் என்று நினைத்தேன். அவன் தன் கையாலேயே இன்னொரு சூடத்தை எடுத்து அந்த வெற்றிலையில் வைத்துக் கொளுத்தினான்.

"அணைச்சுடு. தலைய நிமித்தி நான் நடக்க வேணாமா?"

அண்ணி அந்தச் சூடத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"செய்யாதத செய்யலேன்னு சொன்னேன். செய்யப் போறத செய்ய மாட்டேன்னு எப்படிச் சொல்றது? பொய்ச் சத்தியம் பண்ணச் சொல்றீங்களா?"

"மலையில அப்படி என்னடி வெச்சிருக்க?" என்று கத்தினான்.

"ஒண்ணும் வெக்கல. ஏறுறேன், எறங்குறேன். என் காலு, என் மூச்சு. வருஷம் பூரா குனிஞ்சே கெடக்குறேன், ஒரு நாளு நிமிந்து ஏறுறது யாருக்கு என்ன பண்ணுது?"

சூடம் தானாக எரிந்து தீர்ந்தது. பிறகு எல்லோரும் ஒரேயடியாகப் பேசினார்கள். முதல் சத்தியமும் பொய்தான் என்று அந்த நிமிஷமே முடிவுகட்டிவிட்டார்கள்.

அதன்பிறகு அண்ணன் செய்ததை எந்த எதிரியும் செய்யமாட்டான். காலையில் எழுந்ததும் வாசற்படியில் ஒரு சூடத்தைக் கொளுத்திவைப்பான். "அணைச்சுட்டு அடுப்பத் தொடு" என்பான். அவள் அணைக்கமாட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் உலை ஏறாது. அவன் சங்கத்துக் கஞ்சித்தொட்டிக்குப் போய்விடுவான், அவளுக்கு அங்கே இடமில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்தால், "ஒனக்கும் அங்க கஞ்சி ஊத்த மாட்டாங்க, பாத்துக்க" என்று மிரட்டினான். போடா என்றேன். தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் அவளைக் கண்டதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். காலையில் அந்தச் சூடத்தை வேடிக்கை பார்க்கவே எதிர்வாசலில் ஆள் கூடிற்று. ரெத்தினம் சாணி தெளிக்கிற சாக்கில் முதல் ஆளாய் நிற்பாள்.

கால் வீக்கம் வடிந்த அன்று அண்ணி குளித்து, தலையை முடிந்து, மாற்றுப்புடவையை மூட்டை கட்டினாள். வாசலில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. அணைக்கத்தான் வருகிறாள் என்று அண்ணன்கூட ஒதுங்கி வழிவிட்டான். அவள் அதைத் தாண்டித் தெருவில் கால் வைத்தாள்.

"எங்கடி?" என்றான். "பஸ்ஸு இன்னும் விடல, தெரியுமில்ல?"

"நான் பஸ்ஸ நம்பிப் பொறக்கல."

"போனா போனதுதான்."

"சரி" என்றாள்.

ரெத்தினம் வாசலிலிருந்து, "லாரி வருமா பிரகதா? சொல்லிவுட்டிருக்கியா?" என்றாள். தெரு சிரித்தது. அண்ணி நின்று திரும்பி, "பஞ்சநாதண்ணனுக்குத் தலைக்கட்ட மாத்துனீங்களா? ஈரம் படாம பாத்துக்கங்க" என்றாள். சிரிப்பு அப்படியே நின்றது. அவள் குத்திச் சொன்னாளா, மெய்யாகவே கேட்டாளா, எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் தூக்குவாளியோடு பின்னால் ஓடினேன். "மலைக்கா அண்ணி?"

"மலைக்குச் சித்திரையில. இப்ப எங்கயாவது வேல பாக்கணும்." வாளியைத் திறந்து பார்த்தாள். பழைய சோறு. "இத எப்பத் திருப்பித் தருவேன்னு தெரியலியே சௌந்தரம்."

"வெச்சுக்கங்க" என்றேன்.

வெயில் ஏறுவதற்குள் சீர்காழி போய்ச் சேர வேண்டும் என்று வேகமாக நடந்தாள்.